ஜான் ஹைஸ்மன்: கோப்பையில் பெயர் இருக்கிறது, ஆள் என்ன செய்தார்?

வைகறை கேட்டது:

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) சிறந்த வீரருக்கு ஹைஸ்மன் கோப்பை கொடுக்கிறார்கள். வாங்கியவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. ஹைஸ்மன் என்ற மனிதரைப் பற்றித் தேடினால் இரண்டே வரிதான்: ஜார்ஜியா டெக் அணியின் பயிற்சியாளர், 1916இல் ஓர் ஆட்டத்தை 222–0 என்று ஜெயித்தவர்.

தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று. அவர் முதலில் ஆட்டக்காரராக எப்படி இருந்தார், எப்படிப் பயிற்சியாளர் ஆனார்? ஆட்டத்தில் அவர் மாற்றியது என்ன, எதற்காக மாற்றினார்? அந்த 222 உண்மையில் எப்படிச் சாத்தியம்? ஒரு மணி நேர ஆட்டத்தில் அவ்வளவு புள்ளி எடுக்க எதிரணியும் ஏதோ தப்பாகச் செய்திருக்க வேண்டுமே. இன்றைய விதிகள் எனக்குத் தெரியும், அன்றைய விதிகள் தெரியாது. அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

---

பழையதாள் பதில்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மற்ற இரண்டையும் விதிப் புத்தகம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பிறந்தது கிளீவ்லாந்தில், 1869 அக்டோபர் 23. வளர்ந்தது பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில். எண்ணெய்க் கிணறுகளால் திடீரென்று பணம் கொழித்த ஊர் அது. அப்பா பீப்பாய் செய்பவர். எண்ணெயைப் பீப்பாயில்தான் ஏற்றினார்கள் என்பதால் வீட்டில் வருமானத்துக்குக் குறைவில்லை. 1887இல் பிரவுன் பல்கலைக்கழகம் போனார். அந்தச் சமயத்தில் பிரவுனில் வெளிக்கல்லூரிகளுடன் மோதும் அணியே இல்லை, மாணவர்களுக்குள் ஆடிக்கொண்டதோடு சரி. பிறகு சட்டம் படிக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முறையான அணி ஆட்டம் அங்கேதான். 1892இல் சட்டப் பட்டம்.

ஆட்டக்காரராக அவர் நட்சத்திரம் அல்ல. எடை சுமார் 70 கிலோ. அப்படிப்பட்டவர் வரிசையின் நடுவில் சென்டராகவும், டேக்கிளாகவும், ஓரத்தில் எண்டாகவும் நின்றார். அன்றைய ஆட்டம் முழுக்க உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம், எடை உள்ளவன் பக்கம்தான் வெற்றி. எடை குறைந்த ஒருவர் வரிசையில் நின்று பல பருவம் அடிவாங்கியதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் கொண்டுவந்த மாற்றம் ஒவ்வொன்றும் எடையின் ஆதிக்கத்தைக் குறைத்து, வேகத்துக்கும் ஏமாற்றுக்கும் இடம் கொடுப்பதாகவே இருக்கும். நான் அவரைப் புரிந்துகொள்வது அந்த வழியாகத்தான்.

வக்கீலாகாமல் போனதற்குக் கண் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் விளக்கொளியில் நடந்த உள்ளரங்க ஆட்டத்தில் அவர் கண் பாதிக்கப்பட்டது. கடைசித் தேர்வுகளை எழுதாமல் வாய்மொழியாகக் கொடுத்தார். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்ற நிலையில் ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரி கூப்பிட்டது. 1892 பருவத்தில் 7 ஆட்டம், ஏழிலும் வெற்றி. ஒஹாயோ ஸ்டேட்டை மட்டும் இரண்டு தடவை, 40–0, 50–0. பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடலாம் என்ற காலம் அது, அவரும் ஆடினார்.

ஏழாவது வெற்றியில் ஒரு சிக்கல் உண்டு. எதிரணி மிச்சிகன். அவர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் 4.50க்கு ஆட்டத்தை முடிப்பதாக முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். ஓபர்லின் 24–22 என்று முன்னால் இருந்தபோது, ஓபர்லின் தரப்பு நடுவர் மணி 4.50 ஆகிவிட்டது என்றார். மிச்சிகன் தரப்பு நடுவர் இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்றார். ஓபர்லின் ஆட்கள் களத்தைவிட்டு வெளியேறினார்கள். எதிரே ஆளே இல்லாமல் மிச்சிகன் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) வைத்து 26–24 என்று எழுதிக்கொண்டது. இரண்டு கல்லூரிகளும் தத்தம் பதிவேட்டில் வெற்றி என்றே வைத்திருக்கின்றன. இரண்டு அணியும் ஆளுக்கொரு நடுவரைக் கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

அதற்கப்புறம் ஊர் ஊராக: 1893இல் ஏக்ரனில் உள்ள பக்டெல் கல்லூரி, 1894இல் மறுபடி ஓபர்லின், 1895 முதல் 1899 வரை அலபாமாவில் ஆபர்ன், 1900 முதல் 1903 வரை தென் கரோலினாவில் கிளெம்சன், 1904 முதல் 1919 வரை அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக், 1920 முதல் 1922 வரை தான் படித்த பென்சில்வேனியா, 1923இல் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன், 1924 முதல் 1927 வரை டெக்சஸில் ரைஸ். மொத்தம் 36 பருவம்.

ஆபர்னுக்கும் கிளெம்சனுக்கும் அவரைக் கொண்டுவந்தவர் ஒரே ஆள், வால்டர் ரிக்ஸ். ஆபர்னுக்குப் பயிற்சியாளர் தேடும்போது ஹைஸ்மன் டெக்சஸில் தக்காளிப் பயிர் வைத்து நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். ரிக்ஸ் பின்னர் கிளெம்சனுக்குப் போனார், ஹைஸ்மனையும் அங்கே வரவழைத்தார். கிளெம்சனில் 19 வெற்றி, 3 தோல்வி, 2 சமநிலை. 1901இல் கில்ஃபர்ட் அணியை 122–0 என்று அடித்தது அங்கே இருந்தபோதுதான். 222 வானத்திலிருந்து விழவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1903இல் கிளெம்சன் ஜார்ஜியா டெக்கை 73–0 என்று தோற்கடித்தது. தோற்ற டெக், ஜெயித்த பயிற்சியாளரையே விலைக்கு வாங்கியது: ஆண்டுக்கு 2,250 டாலர், அதோடு சொந்த ஊர் ஆட்டங்களின் நுழைவுக் கட்டணத்தில் 30 சதவீதம். பழைய மாணவர் யாராவது சம்பளமில்லாமல் வந்து சொல்லிக்கொடுப்பது பல கல்லூரிகளில் வழக்கமாக இருந்த நாளில், வசூலில் பங்கு கேட்டு வாங்கிய மனிதர் இவர். பேஸ்பால், கூடைப்பந்து அணிகளையும் அவரே பார்த்துக்கொண்டார். அந்த பேஸ்பால் பொறுப்பு 222க்கு நேரடிக் காரணம். அதை அடுத்து வருபவர் சொல்வார்.

---

நாலாவதுடவுன் பதில்:

இரண்டாவது கேள்வி என் பக்கம்.

முதலில் அன்றைய விதி. 1906க்கு முன் மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், 5 யார்டு முன்னேறினால் போதும், பந்து அதே அணியிடம் இருக்கும். பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடையாது. மூன்று முயற்சியில் 5 யார்டு என்றால் ஓரமாக ஓட வேண்டிய தேவையே இல்லை. எல்லாரையும் நடுவில் குவித்து, கபடியில் சங்கிலி பிடிப்பதுபோல ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு யார்டு கிடைத்தாலே கணக்கு நேராகிவிடும். கீழே விழுந்தவன் மேல் பத்துப் பேர் விழுவார்கள். கழுத்தும் முதுகெலும்பும் உடைவது அதனால்தான். 1905 பருவத்துச் சாவுகள் நாடு முழுக்கக் கொந்தளிப்பை உண்டாக்கின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

ஹைஸ்மன் அதற்குப் பத்தாண்டு முன்பே மருந்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். 1895 அக்டோபர் 26, அட்லாண்டா, ஜார்ஜியாவும் வடக்கு கரோலினாவும் ஆடுகின்றன. ஜார்ஜியா ஆபர்னின் வருங்கால எதிரணி என்பதால் ஹைஸ்மன் அவர்கள் ஆட்டத்தைக் கவனிக்க வந்திருந்தார். வடக்கு கரோலினாவின் பின்வரிசை ஆள் பந்தை உதைக்க முயன்றபோது எதிரிகள் பாய்ந்துவிட்டார்கள். உதைக்க இடமில்லாமல் அவர் பந்தை முன்னால் வீசினார். ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் அதைப் பிடித்து ஏறக்குறைய 70 யார்டு ஓடி டச்டவுன் வைத்தார். ஜார்ஜியாவின் பயிற்சியாளர் பாப் வார்னர் நடுவரிடம் சண்டை போட்டார். பந்தை வீசியதைத் தான் பார்க்கவில்லை என்று நடுவர் சொல்லிவிட, டச்டவுன் நின்றது. ஆட்டம் 6–0. அன்று டச்டவுனுக்கு 4, அதன் பின்னான உதைக்கு 2, ஆக 6.

மற்றவர்கள் அதை விதிமீறல் என்று பார்த்தார்கள். ஹைஸ்மன் பார்த்தது வேறு: பந்து தலைக்கு மேல் போகலாம் என்றால் தற்காப்பு அணி நடுவில் குவிய முடியாது, பின்னாலும் ஓரத்திலும் ஆள் வைத்தாக வேண்டும். குவியல் தானாகக் கலைந்துவிடும். விதிக் குழுவின் பெரிய மனிதர் வால்டர் கேம்ப்புக்கு இதை எழுதினார், விடாமல் வற்புறுத்தினார். 1906இல் ஃபார்வர்ட் பாஸ் சட்டமானது. 5 யார்டு 10 ஆனது, இரண்டு வரிசைக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி கட்டாயமானது.

சட்டமானாலும் உடனே எல்லாரும் வீசவில்லை, ஏனென்றால் தண்டனை கடுமை. பந்து புறப்பட்ட இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 யார்டு தள்ளி நின்றுதான் வீசலாம். நடுவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே களத்தில் நீளவாக்கிலும் கோடுகள் போட்டார்கள். யார் கையும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்கு. அன்றைய பந்தும் இன்றையதைவிடத் தடித்தது, ஒரு கையில் அடங்காது. இந்தத் தடைகள் 1912 வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன. 1912இல் நான்காவது டவுன், 100 யார்டு களம், கோல்கோட்டுக்குப் பின்னால் 10 யார்டு எண்ட் ஸோன், டச்டவுனுக்கு 6 புள்ளி எல்லாம் சேர்ந்து வந்தன. இன்றைய ஆட்டத்தின் எலும்புக்கூடு அந்த ஆண்டில்தான் முழுமையானது.

அடுத்தது ஸ்னாப். இன்று சென்டர் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தூக்கிக் கொடுக்கிறார் அல்லவா? அன்று தரையோடு உருட்டிவிடுவார்கள். உருண்டு வரும் பந்து புல்லில் பட்டுத் திசை மாறும். அதை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் குனிந்து பொறுக்கி எடுத்து நிமிர வேண்டும், அதற்குள் எதிரி வந்துவிடுவான். 1893இல் பக்டெல்லில் ஹைஸ்மனுக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் நல்ல உயரம், குனிந்து எடுப்பதே அவருக்குச் சிரமம். எனவே சென்டரைப் பந்தைக் காற்றில் எறியச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட ஆளின் குறைக்காகச் செய்த ஏற்பாடு பொது வழக்கமாயிற்று. நிமிர்ந்து நின்று பந்து வாங்கும்போது கண் களத்தின் மேல் இருக்கும். அதுதான் பெரிய லாபம்.

மூன்றாவது, டெக்கில் 1910 முதல் அவர் பயன்படுத்திய தாவல் அணிமாற்றம். பின்வரிசை ஆட்கள் சென்டருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் நிற்பார்கள். எந்தப் பக்கம் போகப்போகிறார்கள் என்று எதிரிக்குத் தெரியாது. குறிச்சொல் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இடமோ வலமோ தாவி இறங்குவார்கள், கால் தரையைத் தொட்டதும் பந்து புறப்படும். எதிரணி எண்ணிப்பார்த்து ஆளை நகர்த்துவதற்குள் ஒரு பக்கத்தில் டெக்குக்கு ஆள் கூடிவிட்டிருக்கும்.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடம் இரண்டு. ஒருவன் அரை நொடி பிந்தினால் அவன் இடத்தில் ஓட்டை, எதிரி அதன் வழியாக நேரே உள்ளே வருவான். பந்து அரை நொடி முந்தினால் அசைவில் இருந்ததாகத் தண்டனை. ஆகவே பயிற்சியில் பாதி நேரம் பந்தே இல்லாமல் தாவலையே செய்ய வேண்டியிருக்கும். இந்த வகை அணிமாற்றங்கள் தற்காப்புக்கு எவ்வளவு தலைவலியாக இருந்தன என்றால், தாவிய பிறகு ஒரு முழு நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்று 1927இல் விதியே போட்டார்கள். நாட்ர டேமின் கனூட் ராக்னியைக் குறிவைத்துப் போட்ட விதி என்பார்கள், ஆனால் ஹைஸ்மன் வகைத் தாவலையும் அது சேர்த்தே முடித்துவைத்தது.

சென்டருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளை வரிசையிலிருந்து உருவி ஓட்டக்காரனுக்கு முன்னால் வழிவிலக்க அனுப்புவதும் அவர் பெயரில் சொல்லப்படுகிறது. அதில் பங்கு கேட்பவர்கள் பலர்.

---

சட்டைக்குள்பந்து பதில்:

ஒளித்த பந்தை விட்டுவிட்டீர்களே. 1895 நவம்பர், ஆபர்ன் எதிர் வாண்டர்பில்ட். ஆபர்ன் ஆட்கள் பந்தைச் சுற்றி வட்டமாக நெருக்கி நின்றார்கள். உள்ளே குவார்ட்டர்பேக் ரெனால்ட்ஸ் டிச்சனர் மண்டியிட்டுப் பந்தைச் சட்டைக்குள் செருகினார். வட்டம் ஒரு பக்கமாக ஓட, வாண்டர்பில்ட் முழுக்க அதன் பின்னால் ஓடியது. டிச்சனர் எழுந்து மறுபக்கம் ஓடி டச்டவுன் வைத்தார். ஆட்டம் என்னவோ 9–6 என்று வாண்டர்பில்ட்டுக்குத்தான்.

இதே தந்திரத்தை வார்னர் 1903இல் தன் கார்லைல் அணியை வைத்து ஹார்வர்டுக்கு எதிராகச் செய்தார். சட்டையின் அடியில் எலாஸ்டிக் தைத்து, பந்தை முதுகுப் பக்கம் செருகி. நாடு முழுக்கப் புகழ் கிடைத்தது வார்னருக்கு. தெற்கில் நடந்த எதையும் கிழக்குப் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத காலம். ஹைஸ்மனின் பல வேலைகள் வெளியே தெரியாமல் போனதற்கு அதுவும் காரணம்.

1902இல் இன்னொன்று. கிளெம்சன் அட்லாண்டாவில் டெக்குடன் ஆட வேண்டும். முந்தின நாள் பெட்டி படுக்கையோடு ரயிலில் வந்து இறங்கிய கிளெம்சன் ஆட்கள் இரவெல்லாம் கேளிக்கையில் இருந்தார்கள். டெக் ஆதரவாளர்கள் மகிழ்ந்துபோய் விருந்தும் கொடுத்தார்கள். வந்தவர்கள் மாற்று ஆட்கள். உண்மையான அணி வழியிலேயே ஓர் ஊரில் நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் வந்தது. 44–5.

---

வைகறை கேட்டது:

அருமை. 222க்கு வரலாமா? அந்த ஆட்டத்தைப் பற்றிய ஒரு குறிப்பில், டெக் டச்டவுன் வைத்த பிறகும் கம்பர்லாந்தே பந்தை உதைத்துக் கொடுத்தது என்று இருந்தது. புள்ளி எடுத்தவர்கள்தானே உதைக்க வேண்டும்? அச்சுப் பிழையா?

---

கணக்குச்சுவடி பதில்:

அச்சுப் பிழை அல்ல. அன்றைய விதிப்படி புள்ளி கொடுத்த அணிக்குத் தேர்வு உண்டு: பந்தை வாங்கலாம், அல்லது உதைத்துக் கொடுக்கலாம். பந்தை வாங்கினால் கம்பர்லாந்து தன் கோல்கோட்டுக்குப் பக்கத்திலேயே நழுவவிட்டது, அடுத்த நொடி டச்டவுன். உதைத்துக் கொடுத்தால் டெக் தொலைவிலிருந்தாவது வர வேண்டும் என்று நினைத்து உதைத்தார்கள். நினைப்பில் தவறில்லை. டெக்கின் ஓட்டம்தான் தொலைவைப் பொருட்படுத்தவில்லை. விளைவு, இரண்டு வழியிலும் பந்து டெக்கிடமே வந்து சேர்ந்தது.

பின்னணி இப்படி. டென்னசியின் லெபனான் ஊரில் உள்ள கம்பர்லாந்து 1916 பருவத்துக்கு முன்பே ஃபுட்பால் அணியைக் கலைத்துவிட்டது. டெக்குடன் போட்டிருந்த ஒப்பந்தம் மட்டும் நின்றது: வந்து ஆடினால் 500 டாலர், வராவிட்டால் 3,000 டாலர் நஷ்டஈடு. ஹைஸ்மன் ஒப்பந்தத்தைப் பிடித்தபிடியாக நின்றார். மாணவர் மேலாளர் ஜார்ஜ் ஆலன், கிடைத்த மாணவர்களைத் திரட்டி ரயிலேற்றினார். பயிற்சி கிடையாது. அக்டோபர் 7, அட்லாண்டாவின் கிராண்ட் ஃபீல்டு.

ஏன் அவ்வளவு பிடிவாதம்? அதே ஆண்டு வசந்தத்தில் கம்பர்லாந்து பேஸ்பால் அணி டெக்கை 22–0 என்று அடித்திருந்தது. டெக் பேஸ்பால் பயிற்சியாளரும் ஹைஸ்மனே. கம்பர்லாந்து காசு வாங்கி ஆடுபவர்களைக் கல்லூரி ஆட்கள் என்று இறக்கியது என்பது அவர் கோபம். இன்னொரு காரணமும் உண்டு. எந்த அணி பருவத்தில் அதிகப் புள்ளி குவிக்கிறதோ அதுவே பெரிது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது எவ்வளவு வெற்றுக் கணக்கு என்று காட்ட நினைத்தார்.

இப்போது எண்கள். கால்பகுதி வாரியாக 63, 63, 54, 42. மொத்தம் 32 டச்டவுன், 6 வீதம் 192. கூடுதல் புள்ளி உதைகள் 30. கூட்டினால் 222. முதல் கால்பகுதியில் 9 டச்டவுன், 9 உதையும் விழுந்தன, ஆக 63. 15 நிமிடத்தில் 9 என்றால் சராசரியாக 100 நொடிக்கு ஒன்று. இடைவேளையில் 126–0. இரண்டாம் பாதியின் நேரத்தைச் சுருக்கினார்கள், அதனால்தான் 222இல் நின்றது.

டெக் அன்று ஒரு ஃபார்வர்ட் பாஸ்கூட வீசவில்லை. அதற்காக அவ்வளவு போராடிய மனிதரின் அணி! தேவைப்படவில்லை. டெக்குக்கு ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (10 யார்டு கடந்து புதிதாக நான்கு முயற்சி பெறுவது) கிடையாது என்பதும் உண்மை. பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் முதல் நான்கு முயற்சிக்குள்ளேயே டச்டவுன் வந்துவிட்டால் ஃபர்ஸ்ட் டவுன் எங்கிருந்து வரும்?

கம்பர்லாந்து பக்கம் 15 முறை பந்தைப் பறிகொடுத்தது, நழுவவிட்டு 9, வீசியது எதிரி கையில் சிக்கி 6. வைகறை கேட்ட "எதிரணி செய்த தப்பு" இதுதான். பயிற்சி இல்லாத அணியில் முதலில் உடைவது சென்டருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவே உள்ள பந்து மாற்றம். இருவரும் நூறு தடவை சேர்ந்து செய்திருந்தால்தான் அடிவாங்கும் பயத்திலும் கை சரியாகப் போகும். அது உடைந்தால் மற்றதெல்லாம் தானாக உடையும். நழுவலைப் பற்றி ஹைஸ்மனுக்கு இருந்த வெறி பிரசித்தம்: பந்தைக் கையில் தூக்கிக் காட்டி, இதை நழுவவிடுவதைவிடச் சிறுவயதிலேயே செத்துப்போயிருக்கலாம் என்று வீரர்களிடம் சொல்வாராம். எதிரே ஓர் அணி அதை 9 முறை செய்தது.

கம்பர்லாந்து கடைசிவரை நின்று 500 டாலரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

என் அபிப்பிராயத்தில் இது அவருடைய பெருமைக்குரிய ஆட்டம் அல்ல. அவரை அளக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். 1917: 9 ஆட்டம், 9 வெற்றி, எடுத்த புள்ளி 491, கொடுத்தது 17. அவர் படித்த பென்சில்வேனியாவை 41–0, வாண்டர்பில்ட்டை 83–0, பழைய ஆபர்னை 68–7. இவர்கள் யாரும் அன்று காலையில் திரட்டி வந்தவர்கள் அல்லர். தெற்கிலிருந்து தேசிய சாம்பியன் என்று ஏற்கப்பட்ட முதல் அணி அது. ஜோ கையன், எவரெட் ஸ்ட்ரப்பர், ஜூடி ஹார்லன், ஆல் ஹில் என்று பின்வரிசை. தோற்காமல் தொடர்ந்து 33 ஆட்டம், அதை 1918இல் முடித்துவைத்தது பிட்ஸ்பர்க், 32–0. பயிற்சியாளர் யார்? அதே பாப் வார்னர்.

---

பழையதாள் பதில்:

கடைசிக் காலத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

கோடையில் நாடகக் குழுக்களில் நடித்தவர் ஹைஸ்மன். களத்தில் அவர் பேச்சு முழுக்க மேடைப் பேச்சு என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் அது. முதல் மனைவி எவலினும் நடிகை. 1919இல் இருவரும் பிரிந்தபோது, ஒரே ஊரில் இருவரும் இருந்து சங்கடப்பட வேண்டாம், எந்த ஊர் வேண்டுமென்று எவலின் தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். எவலின் அட்லாண்டாவைக் கேட்டார். ஹைஸ்மன் 16 பருவம் கட்டியெழுப்பிய அணியைத் தன்னிடம் ஆடி, துணைப் பயிற்சியாளராகவும் இருந்த பில் அலெக்சாண்டரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். அலெக்சாண்டர் 1928 பருவத்தில் டெக்கைப் பருவ முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பௌல் வரை கொண்டுபோய் ஜெயிக்கவைத்தார்.

டெக்குக்குப் பிறகு வந்த பதவிகள் எதிலும் அந்த உயரம் இல்லை. பென்சில்வேனியாவில் 16–10–2 (வெற்றி–தோல்வி–சமநிலை), ரைஸில் 14–18–3. கட்டுப்பாடு அதிகம் என்பது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. பன்றிக்கறி, ஆப்பிள், காப்பி, சூடான ரொட்டி எல்லாம் அவர் வீரர்களுக்கு விலக்கு. வாரநாளில் வெந்நீர்க் குளியலும் சோப்பும் உடம்பைத் தளர்த்தும் என்று தடுத்தார். 1905இல் கேட்டுக்கொண்ட மாணவன் 1925இல் கேட்கவில்லை.

நடுவில் 1923, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன். அந்தப் பருவத்தில் வாஷிங்டன் அண்ட் லீ அணி, கறுப்பின வீரர் சார்ல்ஸ் வெஸ்ட் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது. கல்லூரி வெஸ்ட்டை விலக்க மறுத்தது, ஆட்டம் நடக்கவில்லை. 1922 ஜனவரியில் ரோஸ் பௌலில் குவார்ட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பினத்தவர் வெஸ்ட். ஹைஸ்மனின் வரலாற்றில் இந்தச் சம்பவத்தையும் எழுத வேண்டும். முடிவு கல்லூரியினுடையது என்பதையும் எழுத வேண்டும்.

1927இல் பயிற்சிப் பணியை விட்டார். 1930இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப்புக்கு முதல் விளையாட்டு இயக்குநர். 1935இல் கிளப் ஒரு கோப்பை ஏற்படுத்தியது. தனி ஒருவருக்குப் பரிசு கொடுப்பதில் ஹைஸ்மனுக்கு முதலில் உடன்பாடு இல்லை, இது அணி ஆட்டம் என்பது அவர் வாதம். சிற்பி ஃபிராங்க் எலிஸ்கூ செய்த சிலை, அதற்கு நின்று காட்டியவர் நியூயார்க் பல்கலைக்கழக வீரர் எட் ஸ்மித். ஆகவே கோப்பையில் கையை நீட்டி ஓடும் உருவம் ஹைஸ்மன் அல்ல, பலர் அப்படி எழுதுகிறார்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள வீரர்களுக்கான முதல் கோப்பை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கருக்கு. 1936 அக்டோபர் 3 அன்று ஹைஸ்மன் நிமோனியாவில் இறந்தார். அதன் பிறகே அவர் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் முதலில் வாங்கியவர் யேலின் லாரி கெல்லி. ஹைஸ்மனை அடக்கம் செய்தது விஸ்கான்சினின் ரைன்லாண்டரில், இரண்டாம் மனைவி ஈடித்தின் ஊர்.

---

வைகறை கேட்டது:

ஒரே ஒரு சந்தேகம். மொத்த வெற்றி ஓரிடத்தில் 186, இன்னோரிடத்தில் 185 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

---

கணக்குச்சுவடி பதில்:

186–70–18 என்பதையே பெரும்பாலும் காண்பீர்கள். இப்படி ஓர் எண் முன்பின் ஆவதற்கு இந்தக் காலப் பதிவுகளில் தாராளமாக இடமுண்டு. மேலே சொன்ன 1892 ஓபர்லின்–மிச்சிகன் ஓர் உதாரணம். 1899இல் ஆபர்ன் ஜார்ஜியாவுக்கு எதிராக 11–6 என்று முன்னால் இருக்கும்போது, கூட்டம் களத்துக்குள் வந்து, இருட்டும் ஆகி, ஆட்டம் முடியுமுன் நிறுத்தப்பட்டது, பின்னர் 0–0 என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சுவானி கல்லூரியுடன் 11–10 என்று தோற்றதில் சந்தேகம் கிடையாது. அந்தப் பருவத்தில் 12க்கு 12 ஜெயித்த சுவானிக்கு எதிராக யாராவது எடுத்த புள்ளி அந்த 10 மட்டுமே.

நீங்கள் கட்டுரை எழுதுவதானால் பருவ வாரியாக ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலையும் தனியே வைத்துக் கூட்டுங்கள். ஒரே ஆட்டத்தை இரு கல்லூரிகளும் எப்படி எழுதியிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். புள்ளிகளை இன்றைய மதிப்பில் மாற்றாதீர்கள்: 1897 வரை டச்டவுன் 4, உதை 2. 1898 முதல் டச்டவுன் 5, உதை 1. 1912 முதல் டச்டவுன் 6. களக்கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல்கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 5இல் தொடங்கி 1904இல் 4, 1909இல் 3 என இறங்கியது. 1895இன் 9–6ஐ இன்றைய கணக்கில் மூன்று களக்கோல் எதிர் இரண்டு என்று ஒருவர் விளக்கியிருப்பதைப் பார்த்தேன். அன்று 9 என்பது ஒரு களக்கோலும் உதை விழாத ஒரு டச்டவுனும், 6 என்பது டிச்சனரின் டச்டவுனும் உதையும்.